படத்துக்கு முன்னால் டம்மி: 32 பக்கப் படக்கதைப் புத்தகத்தை வடிவமைப்பது எப்படி

குழந்தைகளுக்கான படக்கதைப் புத்தகம் வரைய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, கதையில் தங்களுக்கு மிகவும் பிடித்த காட்சியை முழு வண்ணத்தில் வரைந்து முடிப்பதுதான். படம் நன்றாகவே வந்திருக்கும். அதைப் புத்தகத்தில் எங்கே வைப்பது என்று பார்க்கும்போதுதான் சிக்கல் தெரியும். நாயகியின் முகம் சரியாக நடு மடிப்பில் விழும். எழுத்துக்கு இடம் இருக்காது. அல்லது, பக்கத்தைப் புரட்டிய பிறகு தெரிய வேண்டிய ஆச்சரியம் எதிர்ப் பக்கத்திலேயே வந்து நிற்கும். இவை எதுவும் வரைதிறனில் உள்ள குறைகள் அல்ல. புத்தகம் என்பது மடித்துக் கோத்த தாள் என்பதை மறந்ததால் வருபவை.

அதனால் முதல் வேலை தாளை மடிப்பது. 8 தாள்களை ஒவ்வொன்றையும் பாதியாக மடித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, நடுவில் இரண்டு பின் அடித்தால் 32 பக்க டம்மி, அதாவது வெற்று மாதிரிப் புத்தகம், தயார். மூலையில் பக்க எண் போடுங்கள். 1-ஆம் பக்கம் தனியாக வலப்புறம் நிற்கும், 32-ஆம் பக்கம் தனியாக இடப்புறம் நிற்கும். நடுவில் 2-3, 4-5 என்று தொடங்கி 30-31 வரை 15 இரட்டைப் பக்கங்கள். இனி நீங்கள் யோசிக்க வேண்டியது இந்த இரட்டைப் பக்கக் கணக்கில்தான். குழந்தையின் கண்ணுக்கு ஒரே நேரத்தில் தெரிவது இரண்டு பக்கமும் சேர்ந்த ஒரு பரப்பு.

ஏன் 32? அச்சுத்தாளின் இரு புறமும் அச்சிட்டு மடித்தால் பக்கங்கள் எட்டு, பதினாறு என்றுதான் கிடைக்கும். 16 பக்கம் ஒரு ஃபாரம், இரண்டு ஃபாரம் சேர்ந்தால் 32. 24, 40, 48 பக்கங்களிலும் புத்தகம் செய்யலாம். 30 பக்கத்தில் கதை முடிந்துவிட்டது என்றால் மீதி இரண்டு பக்கம் வெற்றாக நிற்கும், அவ்வளவுதான்.

32 பக்கமும் கதைக்குக் கிடைக்காது. 1-ஆம் பக்கம் புத்தகப் பெயர், 2-3 பதிப்பு விவரமும் தலைப்புப் பக்கமும் என்று வைத்தால், கதைக்கு 4-5 முதல் 30-31 வரை 14 இரட்டைப் பக்கங்களும், முடிவுக்கு 32-ஆம் ஒற்றைப் பக்கமும் மிஞ்சும். கெட்டி அட்டைப் புத்தகம் என்றால் அச்சகத்தில் ஒரு கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுங்கள்: அட்டையோடு ஒட்டும் தாள் தனியாக வருமா, இந்த 32-க்குள் வருமா? உள்ளேயே வந்தால் 1-ஆம் பக்கமும் 32-ஆம் பக்கமும் அட்டையில் ஒட்டப்பட்டு மறைந்துவிடும். 2-3, 30-31 இரண்டும் உள்ளட்டைக் கோலத்துக்குப் போய்விடும். தலைப்புக்கு 4-5-ஐக் கொடுத்தபின் கதைக்கு 12 இரட்டைப் பக்கங்களே. 14-க்கு வரைந்து முடித்த பிறகு இதைத் தெரிந்துகொள்வது கொடுமை.

புரட்டும் இடம்

பக்கம் புரட்டுவதுதான் இந்த வடிவத்தின் உயிர். ஒற்றைப்படை எண் கொண்ட வலப்பக்கத்தின் கீழ் ஓரம், கேள்வியை வைக்கும் இடம். புரட்டியதும் விடை. கதையை இரட்டைப் பக்கங்களாகப் பிரிக்கும்போது "அடுத்து என்ன ஆகும்?" என்ற கேள்வி எங்கெல்லாம் எழுகிறது என்று பார்த்து, அந்த இடங்களையெல்லாம் வலப்பக்கத்தின் கடைசியில் விழும்படி நகர்த்துங்கள். ஒரு வரியை முன்னே தள்ளினாலே சில சமயம் புத்தகம் எழுந்து உட்காரும்.

ஓர் இரட்டைப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். கயல் என்ற சிறுமி பூனைக்குட்டியைத் தேடுகிறாள். கதையின் கைப்பிரதியில் இப்படி இருக்கிறது:

"கயல் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அங்கே இருட்டாக இருந்தது. பூனைக்குட்டி அங்கே இல்லை. அது திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது."

அவள் குனிவது படத்தில் தெரியும். இருட்டும் தெரியும். திரைச்சீலைக்குக் கீழே இரண்டு விரல்கடை வால் நீட்டிக்கொண்டிருப்பதை வரைந்துவிட்டால் கடைசி வாக்கியமும் தேவையில்லை. எஞ்சுவது: "கட்டிலுக்கு அடியில்? ம்ஹூம், இல்லை." வாசிக்கும் பெரியவர் "இல்லை" என்று சொல்லும்போது, மடியில் இருக்கும் குழந்தை வாலைக் கண்டுபிடித்துக் கத்தும். எழுத்துக்குத் தெரியாதது படத்துக்குத் தெரிகிறது. அந்த இடைவெளியில்தான் குழந்தைக்கு வேலை இருக்கிறது. எழுத்து சொன்னதையே படமும் சொன்னால் இரண்டில் ஒன்று வெட்டி.

அந்த வால் எங்கே இருக்க வேண்டும்? வலப்பக்கத்தின் வெளி ஓரத்தில், கீழ் மூன்றில் ஒரு பங்கில். புரட்டப் போகும் விரல் வரும் இடம் அது. ஆனால் தாளின் விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே இருக்கட்டும், வெட்டும்போது போய்விடக் கூடாது. கயலின் முதுகு இடப்பக்கம், தலை வலப்பக்கம் நோக்கி. தமிழ் இடமிருந்து வலம் படிக்கப்படுவதால் வலப்புறம் நகரும் பாத்திரம் முன்னேறுவதாகத் தோன்றும், இடப்புறம் நகர்வது திரும்பி வருவதாகத் தோன்றும். வீட்டை விட்டுக் கிளம்பும் பாத்திரம் ஒரு பக்கத்தில் வலம், அடுத்ததில் இடம் என்று ஓடினால் பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாமலே குழப்பம் வரும்.

எழுத்தின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று முதல் ஆறு வயதுக்கான புத்தகத்தில் ஓர் இரட்டைப் பக்கத்துக்கு 30 சொற்களைத் தாண்டினால் நான் சந்தேகப்படத் தொடங்குவேன். தமிழில் ஒரே சொல்லில் வினையும் காலமும் ஆளும் அடங்கிவிடுவதால் 20 சொல்லே நிறையச் சொல்லும். வாய்விட்டுப் படித்துப் பார்த்து, மூச்சு நிற்கும் இடத்தில் வரியை உடையுங்கள்.

சின்னக் கட்டங்கள்

டம்மியில் எழுத்தை ஒட்டிப் பார்த்த பிறகு, ஒரே தாளில் 16 கட்டங்கள் (15 இரட்டைப் பக்கங்களுக்கு 15, 1-க்கும் 32-க்கும் சேர்த்து ஒன்று) போட்டு ஸ்டோரிபோர்டு, அதாவது முழுப் புத்தகத்தின் சின்ன வரைவு. சதுரப் புத்தகம் என்றால் இரட்டைப் பக்கம் 2:1 விகிதம், ஆகவே கட்டம் 6 செ.மீ. × 3 செ.மீ. தடித்த மார்க்கரால் வரையுங்கள். கூர்மையான பென்சில் கையில் இருந்தால் கண் இமை வரைய ஆசை வரும், இந்த நிலையில் இமை வேண்டாம். யார் எங்கே, எவ்வளவு பெரிதாக, எழுத்து எந்த மூலையில் என்பது மட்டும் போதும். எழுத்தையும் படத்தின் ஒரு பகுதியாகவே கட்டத்துக்குள் எழுதிவிடுங்கள். பிறகு இடம் தேடினால் வானத்தில்தான் கொண்டுபோய் ஒட்ட வேண்டியிருக்கும், அப்படி ஒட்டியது எப்போதும் தெரியும்.

16 கட்டத்தையும் தள்ளி நின்று பாருங்கள். மூன்று கட்டங்கள் தொடர்ந்து ஒரே தூரத்திலிருந்து பார்த்தவையாக, முழு உருவம் நடுவில் நிற்பவையாக இருந்தால் அங்கே கதை தூங்குகிறது என்று பொருள். ஒன்றை அகலக் காட்சியாக்கிப் பாத்திரத்தைச் சின்னதாக்குங்கள். அடுத்ததில் முகத்துக்கு அருகே போங்கள். கண்மட்டத்தையும் கவனியுங்கள். பெரியவரின் உயரத்திலிருந்து எல்லாவற்றையும் குனிந்து பார்ப்பதுபோல வரைவது ஒரு பழக்க தோஷம். அடிவானக் கோட்டை மேசை உயரத்துக்கு இறக்கினால் மேசையே மலையாகிவிடும்.

இதே கட்டங்களை வெள்ளை, நடுச்சாம்பல், கறுப்பு மூன்றை மட்டும் வைத்து இன்னொரு முறை நிரப்புங்கள். முக்கியமான உருவம் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிகிறதா என்பது இங்கேயே தெரிந்துவிடும். வண்ணத்தால் அதைச் சரிசெய்துவிடலாம் என்பது நடக்காத காரியம். சிவப்புச் சட்டையும் பச்சைப் புதரும் சாம்பலில் ஒரே அளவு கருமையாக இருக்கலாம். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத குழந்தைக்கு அந்தப் படம் ஒரு புதர் மட்டுமே.

பாத்திரங்களுக்கான மாதிரித் தாள் இதற்கு அடுத்தது. முன், பின், பக்கவாட்டு, முக்கால் பக்கம் என்று நான்கு நிலைகள். பிறகு ஓடுவது, உட்காருவது, அழுவது. கதவு, கட்டில், மற்றப் பாத்திரங்கள் பக்கத்தில் நிறுத்தி உயரக் கோடு. பிறந்த குழந்தையின் உயரம் ஏறக்குறைய 4 தலை, வளர்ந்தவருக்கு ஏழரை. படக்கதையில் சிறுமியை மூன்று தலை, நான்கு தலை உயரத்தில் வரைவது சகஜம். எந்த எண்ணானாலும் 14 இரட்டைப் பக்கங்களிலும் அதே இருக்க வேண்டும். கண்களைத் தலையின் நடுக்கோட்டுக்குக் கீழே இறக்கி, நெற்றியைப் பெரிதாக்கினால் வயது குறையும். இதைச் செய்யாமல் பெரியவரைச் சுருக்கி வரைந்தால் குட்டி மாமா மாதிரிதான் வரும். உடையில் எத்தனை பொத்தான், எந்தக் கையில் வளையல், எந்தப் பக்கம் வகிடு எல்லாவற்றையும் அந்தத் தாளில் குறித்துவிடுங்கள். குழந்தைகள் அதே புத்தகத்தை ஐம்பது முறை பார்ப்பவர்கள், ஒரு பொத்தான் குறைந்தால் கேட்பார்கள். (பாத்திரத்துக்குப் புள்ளிப் புள்ளியாகக் கவுன் போட்டுவிடும் ஆசை வரும். 14 முறை அந்தப் புள்ளிகளை வரையப் போவது நீங்கள்தான்.)

நடு மடிப்பு விழுங்குவது

முழு அளவு பென்சில் வரைவுக்கு வரும்போது மூன்று கோடுகள் போடுங்கள். வெட்டும் கோடு. அதற்கு வெளியே 3 மி.மீ. ப்ளீட், படம் அதுவரை நீள வேண்டும். இல்லாவிட்டால் வெட்டுக்கத்தி ஒரு மயிரிழை விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். உள்ளே 10 மி.மீ. பாதுகாப்பு எல்லை, எழுத்தும் முகமும் அதைத் தாண்டக் கூடாது. கெட்டி அட்டையின் மேலுறைக்கு 3 மி.மீ. போதாது. அட்டையைச் சுற்றி உள்ளே மடிக்க 15 முதல் 18 மி.மீ. வரை வேண்டும்.

நடு மடிப்பில் இரு பக்கமும் 10 முதல் 12 மி.மீ. வரை கண், மூக்கு, விரல், எழுத்து எதுவும் வேண்டாம். மலை, தரை, வானம் மடிப்பைக் கடக்கலாம். சைக்கிள் சக்கரம் கடக்கக் கூடாது, வட்டம் உடைந்தது உடனே தெரியும். சாய்கோடும் அப்படியே. ஒரு மி.மீ. விலகினால் ஏணி முறிந்த மாதிரி ஆகிவிடும்.

எல்லா மடிப்பும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நடுவில் பின் அடித்த 32 பக்கப் புத்தகத்தில் 16-17 மட்டும் ஒரே தாளாக ஓடும். இரண்டு ஃபாரமாகத் தைத்த புத்தகத்தில் ஒவ்வொரு ஃபாரத்தின் நடுவும், அதாவது 8-9, 24-25 இரண்டும் ஒரே தாள். அங்கே 16-17 இரண்டு வெவ்வேறு ஃபாரங்களின் ஓரம். இரண்டு தாள்களில் மை சற்றே ஏறி இறங்கியிருந்தால் மடிப்பின் இரு புறமும் நீலம் வேறு வேறாகத் தெரியும். மடிப்பைக் கடந்து ஓடும் நுட்பமான படம் ஒன்று வைத்திருந்தால், பைண்டிங்கைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அந்த நடுப்பக்கங்களுக்கு அதை நகர்த்துங்கள். தைத்த புத்தகத்தில் 16-17-இல் ஒரே சீரான வண்ணப் பரப்பைத் தவிருங்கள்.

பின் அடிக்கும் புத்தகத்தில் இன்னொன்று: உள்ளே செருகிய தாள்கள் வெளிப்பக்கம் துருத்தும். 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 130 கிராம்) தாளில் 8 அடுக்கு சேர்ந்தால் நடுத்தாள் ஏறக்குறைய 1 மி.மீ. வெளியே நிற்கும். வெட்டும்போது அவ்வளவும் போகும். ஓரத்தை ஒட்டி மெல்லிய சட்டக்கோடு போட்ட வடிவமைப்பு நடுப்பக்கங்களில் கோணலாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். சட்டக்கோட்டைக் கைவிடுவது நல்லது.

தமிழ் எழுத்து

மேலே விசிறி, கீழே கால் என்று தமிழ் எழுத்து இரு பக்கமும் நீளும். வரிக்கு வரி இடைவெளி குறைந்தால் மேல் வரியின் "கூ", "ழூ" கீழ் வரியின் "கி", "தீ"-யோடு முட்டும். 18 புள்ளி எழுத்துக்கு 28 முதல் 30 புள்ளி வரி இடைவெளி கொடுங்கள். இடப்பக்கம் மட்டும் சீராக நிறுத்துங்கள். இருபுறமும் சீராக்கினால் நீளமான தமிழ்ச் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழும். சொல்லை உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளுவது இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். மென்பொருளில் அதற்கான தானியங்கி அமைப்பை அணைத்துவிடுங்கள்.

யூனிகோட் எழுத்துரு மட்டும் பயன்படுத்துங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் "கொ" என்று அடித்தால் கொம்பு இடம் மாறி நிற்கிறதா? எழுத்துருவைக் குறை சொல்லும் முன் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். தலைப்பைக் கையால் எழுதுகிறவர்கள் அழகுக்காகப் பழைய துதிக்கை வடிவ "லை", "னை" போடுவதுண்டு. 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற சீர்திருத்த வடிவங்களைத்தான் இன்றைய குழந்தை பாடநூலில் பார்க்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில் அதைத் தடுமாற வைக்க வேண்டாம்.

எழுத்து எப்போதும் தனி லேயரில், 100% கறுப்பில் மட்டும் இருக்க வேண்டும். நான்கு வண்ணம் கலந்த கறுப்பில் அச்சிட்டால் பிளேட்டுகள் (ஒவ்வொரு மைக்கும் உரிய அச்சுத்தகடுகள்) சற்று விலகினாலும் எழுத்தைச் சுற்றிச் சிவப்பு, நீல நிழல் தெரியும். வேறு மொழிப் பதிப்பு வரும்போது கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும் என்பது இன்னொரு லாபம். கருநீல வானத்தில் வெள்ளை எழுத்து கண்ணுக்கு அழகுதான். ஆனால் அந்த வெள்ளை நான்கு பிளேட்டிலும் விடப்பட்ட ஓட்டை, மொழி மாறினால் நான்கையும் மாற்ற வேண்டும். அதோடு மற்ற மொழிக்கு எழுத்துப் பகுதியில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடம் விட்டுவைப்பதும் புத்திசாலித்தனம்.

வண்ணம், தாள், கோப்பு

216 மி.மீ. சதுரப் புத்தகம் என்றால் ப்ளீட் சேர்த்து இரட்டைப் பக்கம் 438 × 222 மி.மீ. 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 5173 × 2622 பிக்சல். டிஜிட்டலில் வரைபவர்கள் முதல் கோடு போடும் முன் இந்த அளவில் கோப்பைத் திறக்க வேண்டும். சின்னதாக வரைந்து பெரிதாக்கிய படத்தை எந்த மென்பொருளும் முழுதாகக் காப்பாற்றாது.

கையால் வரைபவர்கள் கால் பங்கு பெரிதாக, அதாவது 125% அளவில் வரைந்து சுருக்கலாம். தூரிகைத் தடுமாற்றம் மறையும். ஆனால் எல்லாப் படமும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். ஒன்றை 100%, இன்னொன்றை 150% என்று வரைந்தால் சுருக்கிய பிறகு கோட்டின் தடிமன் பக்கத்துக்குப் பக்கம் மாறும், பாத்திரமே வேறு யாரோ போல ஆகிவிடும். நீர்வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் தாள். அதற்குக் குறைந்தால் நனைந்து நெளியும், ஸ்கேனரில் நெளிவின் நிழல் விழும். சொரசொரப்பான தாளின் குழிகளையும் ஸ்கேனர் சாம்பல் புள்ளிகளாகப் படிக்கும். மென்மையான முகங்கள் நிறைய உள்ள புத்தகத்துக்கு வழவழப்பான தாளே தேவலை. மிக வெளிறிய முதல் பூச்சு ஸ்கேனில் காணாமல் போகும், ஆகவே ஒரு படி அழுத்தமாகப் போடுங்கள். ஒளிரும் இளஞ்சிவப்பு, ஒளிரும் மஞ்சள் வண்ணங்களைத் தொடவே வேண்டாம். ஸ்கேனரும் காட்டாது, அச்சும் தராது.

திரையில் கண்ணைப் பறிக்கும் பச்சை, ஆரஞ்சு, மின்னல் நீலம் எல்லாம் ஒளியால் உண்டாகும் ஆர்ஜிபி வண்ணங்கள். அச்சின் நான்கு மையான சிஎம்ஒய்கேயில் அவை அடங்கிவிடும். கடைசியில் மாற்றி அதிர்ச்சி அடைவதைவிட, தொடக்கத்திலேயே அச்சகம் சொல்லும் ப்ரொஃபைலை (அந்தத் தாளில் வண்ணம் எப்படித் தெரியும் என்று சொல்லும் கோப்பை) வைத்து முன்னோட்டம் பார்த்தபடி வரையுங்கள். பூச்சுத் தாளுக்கு ஃபோக்ரா 39 அல்லது 51, பூச்சில்லாத தாளுக்கு ஃபோக்ரா 52 என்பது பரவலாகக் கேட்கப்படுபவை. இரவுக் காட்சிகளில்தான் அதிகம் சறுக்கும். நீலம் 100, மெஜந்தா 100, மஞ்சள் 60, கறுப்பு 80 என்று கலந்தால் மொத்தம் 340%. அவ்வளவு மை காயாமல் எதிர்ப் பக்கத்தில் ஒட்டும். 100, 85, 30, 40 என்றால் 255%. கண்ணுக்கு அதே இரவுதான், காய்ந்தும் விடும்.

பளபளப்பில்லாத ஆர்ட் பேப்பர் 130 முதல் 150 ஜிஎஸ்எம் வரை பொதுவாகச் சரியாக வரும். அதைவிட மெலிந்தால் பின்பக்கப் படம் தெரியும். பூச்சில்லாத தாள் கைக்கு இதமானது, பென்சில் வண்ணத்துக்குப் பொருந்தும். ஆனால் மையை உறிஞ்சிப் புள்ளிகள் விரிவதால் இருட்டுப் பகுதிகள் இன்னும் இருண்டு சேறாகும், நடுச்சாம்பலைச் சற்று வெளிற வைத்துக் கொடுக்க வேண்டும். தாளின் இழை முதுகுக்கு இணையாக ஓட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். குறுக்கே ஓடினால் பக்கம் விறைத்து நிற்கும், புத்தகம் விரிந்து படுக்காது. 32 பக்கத்துக்குப் பசை மட்டும் போட்ட பைண்டிங் வேண்டாம். முதுகு போதாது, குழந்தை விரித்துத் தரையில் வைத்தால் தாள் கழன்று வரும்.

இறுதிப் படங்களை 4-5-இலிருந்து வரிசையாக வரையாதீர்கள். கை பழகப் பழகப் பாணி மெல்ல மாறும். வரிசையாகப் போனால் தொடக்கமும் முடிவும் வேறு ஆள் வரைந்தது போலிருக்கும். நடுவில் ஓர் எளிய இரட்டைப் பக்கத்தை முதலில் முடித்து, அதே தாளில் அச்சு மாதிரி எடுத்துப் பார்த்து, பிறகு மற்றவை. 4-5-உம் அட்டையும் கடைசியில். கடையில் கையைப் பிடிப்பது அவைதான், கை நன்றாக ஓடும் நாளில் அவற்றை வரையுங்கள்.

பின் அட்டையில் ஐஎஸ்பிஎன் பட்டைக் குறிக்கு இடம் விட மறந்து, பிறகு பூனையின் வயிற்றில் வெள்ளைச் சதுரம் ஒட்டுவது அடிக்கடி நடக்கிறது. அதன் முழு அளவு 37.29 × 25.93 மி.மீ. 80%-க்குக் கீழே சுருக்கக் கூடாது. வெள்ளைப் பின்னணியில், ஒற்றைக் கறுப்பில் இருக்க வேண்டும். அச்சகத்துக்குப் போகும் பிடிஎஃப் எந்த அச்சு வகை, எக்ஸ்-1ஏவா எக்ஸ்-4ஆ, பக்கங்கள் தனித்தனியாகவா இரட்டையாகவா என்று கேட்டு அப்படியே கொடுங்கள். மாதிரித் தாள் வந்ததும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முதலில் தோல் நிறம், பிறகு சாம்பல், பிறகு எழுத்தின் ஓரம். பக்க வரிசையைத் திரையில் சரிபார்த்தால் போதாது. அச்செடுத்து, மடித்து, பின் அடித்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டுங்கள். லேயர்களைச் சேர்த்துவிடாத மூலக் கோப்புகளை இரண்டு இடங்களில் எடுத்து வையுங்கள். மறுபதிப்பில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டியிருந்தாலும் அவை வேண்டும்.